விளம்பரம் நீக்கிய பிரதி

எந்தக் குப்பையும் ஐம்பது வருஷம் பொறுமையாகக் கிடந்தால் கலையாகிவிடும். ஓட்டை அண்டாவுக்கு அது நடந்தது, லாரிக்குப் பின்னால் எழுதிய வாசகத்துக்கு நடந்தது, கடைசியில் மெகா சீரியலுக்கும் நடந்துவிட்டது.

இரண்டாயிரத்து அறுபத்திரண்டில் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் நெடுந்தொடர் ரசனைப் பேரவை என்று ஒன்று இருந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதன் உறுப்பினர்கள் கூடி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பழைய சீரியல்களைப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த சீரியல்கள் ஓடிய காலத்தில் அவர்கள் பிறக்கவேயில்லை. அதனால்தான் அவ்வளவு மரியாதையோடு பார்க்க முடிந்தது. பின்புறம் புடைத்த பழைய டப்பா டிவி ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து நடுவில் வைத்திருந்தார்கள். படம் ஆடினால் அதன் தலையில் தட்டுவதற்கென்றே ஓர் உறுப்பினரை நியமித்து, அந்தப் பதவிக்கு வருஷா வருஷம் தேர்தலும் வைத்தார்கள். ஒருத்தி கதவைத் திறந்ததும் கேமரா அவள் முகத்துக்கு மூன்று முறை பாய்ந்து போகுமே, அதற்கு 'மும்முறை நோக்கு' என்று பெயர் வைத்திருந்தார் பேரவைத் தலைவர் முனைவர் அகரன். எபிசோடு முடியும்போது முகம் அப்படியே உறைந்து நிற்பதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே போட்டிருந்தார்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் எழுபத்தெட்டு வயது. அது ரேணுகாதேவி. 'அகிலாண்டம் இல்லம்' என்ற சீரியலின் ஆயிரத்துச் சொச்சம் எபிசோடையும் அது ஒளிபரப்பான நாட்களிலேயே, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒன்று விடாமல் பார்த்தவள். பேரவை அவளைக் கண்டுபிடித்தபோது புதைபொருள் கிடைத்த மாதிரிக் கொண்டாடியது. முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

உட்காரவைத்த பிறகுதான் வினை தெரிந்தது. ரேணுகாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"இவதானுங்க அடுத்த வாரம் பாயசத்துல விஷம் வெப்பா" என்பாள். கண் கலங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் குனிந்து, "அழுகாத அம்மிணி, அவ சாகல. தாடி வெச்ச டாக்டர் காப்பாத்திருவாரு" என்பாள். ரகசியம் அவிழும் கட்டம் வரும் முன்பே அவிழ்த்து மடித்து வைத்துவிடுவாள். பேரவைக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தார்கள்.

ஆனால் உள்ளுக்குள் ரேணுகாவுக்கும் ஒரு குறை இருந்தது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்களே, அந்தக் கதைதான். பக்கத்தில் இருப்பவள் "ஐயோ" என்று நெஞ்சில் கை வைக்கும்போது, ரேணுகாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எது வரும் என்று தெரியும். அந்த "ஐயோ"வைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டாள். பச்சையாகச் சொன்னால் வயிறு எரிந்தது.

அகரன் இதை மோப்பம் பிடித்துவிட்டார்.

"அம்மா, புதுக்கண் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்களே?" என்றார் ஒருநாள், குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டு. "பார்த்த படத்தையோ தொடரையோ மனசுலேர்ந்து சுத்தமா எடுத்துருவாங்க. மறுபடியும் முதல் தடவை மாதிரிப் பார்க்கலாம். அன்னைக்கு நேரடியாப் பார்த்த ஒரே ஆள் நீங்க. நீங்களே மறந்துட்டு மறுபடி பார்த்தா, அதைவிடத் தூய்மையான ரசனை உலகத்துல உண்டா? செலவு முழுக்கப் பேரவையோடது."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கிழவியின் வாயை அடைக்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது. ரேணுகாவுக்கும் அது புரியாமல் இல்லை. இருந்தாலும் "முதல் தடவை மாதிரி" என்ற வார்த்தை அவள் மனதில் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் கணவர் நந்தகோபால் மட்டும் முகம் சுளித்தார்.

"வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத ரேணு. மறக்கறதுக்கு நம்ம வயசுல ஆஸ்பத்திரிக்கு வேற போகோணுமா? தானா வந்துட்டு இருக்குது."

"தானா வர்றது வேண்டாதத எல்லாம் விட்டுப்போட்டு வேண்டியத மறக்க வெக்குதுங்க. இது நான் கேட்டத மறக்க வெக்கும்" என்றாள் ரேணுகா. வாதத்தில் அவளை ஜெயித்து நந்தகோபாலுக்குப் பழக்கமில்லை.

புதுக்கண் நிலையம் அவினாசி ரோட்டில் இருந்தது. அங்கே அவளைக் கவனித்துக்கொண்டவள் பிரிசில்லா, நாற்பது வயதுக்காரி. தலையில் ஒரு மெல்லிய தொப்பியைப் பொருத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள்.

"பயப்படாதீங்கம்மா. நாங்க தொடரை வேகமா ஓட்டுவோம். அதைப் பார்க்கறப்ப மூளையில எதெல்லாம் விழிக்குதோ அதைத் தூங்க வெச்சிருவோம். அவ்வளவுதான். ஆனா ஒரு விஷயம். தொடர் மட்டும் தனியா விழிக்காது. அதைப் பார்த்த இடம், பக்கத்துல இருந்த ஆளு, எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். அதுல கொஞ்சம் சேர்ந்தே போயிரும். அதனாலதான் முன்னாடியே கேக்கறோம். யாரோட உக்காந்து பார்த்தீங்க?"

"என்ற மாமியாளோட."

"நல்லாப் பழகுவாங்களா?"

ரேணுகா சிரித்தாள். "சாகற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லைங்க."

மாமியார் நாச்சம்மாள் பேசாமல் போனதற்குக் காரணம் கல்யாணப் பந்தி. நாச்சம்மாளின் அண்ணனை, மாப்பிள்ளையின் தாய்மாமனை, பெண் வீட்டில் யாரும் "சாப்பிட வாங்க" என்று கூப்பிடவில்லை. அவர் மண்டபத்துத் தூண் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு மருமகளிடம் பேச்சை நிறுத்திய நாச்சம்மாள், பத்துப் பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே சோற்றைச் சாப்பிட்டு, அவளிடம் பேசாமலே செத்தும் போனாள். ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "இந்த ஊட்டுல ஆராவது சுடுதண்ணி வெச்சாத் தேவல" என்பாள். ரேணுகா வைப்பாள். எல்லாம் ஜாடைதான்.

"அப்புறம் எப்படி ஒண்ணா உக்காந்து சீரியல் பார்த்தீங்க?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"அதுதானுங்க அதிசயம். எட்டரைக்கு அந்தப் பாட்டுப் போட்டான்னா நாங்க ரெண்டு பேரும் டிவி முன்னால. ஓடறப்ப மூச்சு விட மாட்டோம். விளம்பரம் போட்டா அவிய டிவியப் பார்த்துட்டே கதையப் பத்திப் பேசுவாங்க. நானும் டிவியப் பார்த்துட்டே பதில் சொல்லுவேன். அந்த மூத்த மருமக சரியில்ல, இந்த மாப்பிள்ளை உருப்பட மாட்டான்னு. சிரிச்சிருக்கோங்கூட. ஒன்பதாச்சுன்னா அவிய அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"அப்ப பேசியிருக்காங்களே?"

"சீரியலப் பத்திப் பேசினாங்க. என்னப் பத்தி, எங்கிட்ட, ஒரு வார்த்தை கெடையாது." சொல்லும்போது ரேணுகாவின் குரல் லேசாகத் தடுக்கியது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வலிக்கு இவ்வளவு தெம்பு இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

பிரிசில்லா சற்று யோசித்தாள். "அம்மா, உங்க மாமியாரோட உங்களுக்கு இருந்த நல்ல நேரமே அதுதான் போலத் தெரியுது. அதுவும் போயிரலாம். சண்டை மட்டும்தான் மிஞ்சும். சம்மதமா?"

ரேணுகா, "போனாப் போகட்டுமுங்க. சீரியல்காரிகளப் பத்திப் பேசின பேச்சு எனக்கு எதுக்கு?" என்றாள்.

நாற்காலி சாய்ந்தது. ரேணுகா தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் எழுந்தபோது அகிலாண்டம் யார், இல்லம் எது என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அகரன் போன் செய்து இரண்டு பாத்திரங்களின் பெயரைச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். "அவிய ஆருங்க, பேரவைக்குப் புதுசாச் சேர்ந்தவீங்களா?" என்றாள். அகரன் ஆனந்தத்தில் துள்ளியது போனிலேயே கேட்டது.

ஆனால் நாச்சம்மாள் ஞாபகத்திலிருந்து போகவில்லை. அவள் பழைய கூடத்தில், பழைய பிளாஸ்டிக் நாற்காலியில், டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டிவியில் சோப்புத்தூள் விளம்பரம் ஓடியது, ஆடித் தள்ளுபடிக்கு யாரோ கூவினார்கள், நகைக்கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து கும்பிட்டார்கள். நாச்சம்மாள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரேணுகாவைத் தவிர வேறு யாருமில்லை.

பல் துலக்கிக்கொண்டிருந்த ரேணுகாவுக்குத் திக்கென்றது. வாயில் நுரையோடு கணவரிடம் வந்தாள்.

"ஏனுங், உங்கம்மா என்னயப் பாத்து என்ன சொன்னாங்கன்னு தெரியுமா? 'சோத்துல விஷத்தக் கலந்துபோட்டு ஒண்ணுந் தெரியாத பாப்பாவாட்டம் நிக்கிறா பாரு'ன்னாங்க. நானா விஷம் வெச்சேன்?"

நந்தகோபால் பேப்பரை இறக்கினார். "எப்ப சொன்னாங்க?"

"அது தெரியல. இன்னொரு நாளு, 'ஒரு புருசன் பத்தாதுன்னு அடுத்தவ புருசனுக்கு வல போடறா'ன்னாங்க."

"அம்மாவா? உன்னையா?"

"இதக் கேளுங்க. 'கருமாதியே பண்ணி முடிச்சாச்சு, வெக்கமில்லாமத் திரும்பி வந்து நிக்கிறா'ன்னாங்க. எனக்கு உங்கூட்டுல கருமாதி பண்ணுனீங்களா?"

எண்பத்திரண்டு வயது நந்தகோபாலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அந்தக் காலத்தில் எட்டரை மணிக்குக் கூடத்துக்கே வந்ததில்லை. சீரியல் முடிந்து தட்டு போடும் வரை மொட்டை மாடியில் நடந்துகொண்டிருப்பார். அம்மாவும் மனைவியும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். "எங்கம்மா உங்கிட்டப் பேசினதே இல்லியே ரேணு" என்றார் பரிதாபமாக.

"பேசாமயே இருந்திருக்கலாம்" என்றாள் ரேணுகா. பேசாத மாமியாரை ஐம்பது வருஷம் மன்னித்து வைத்திருந்தவளுக்கு, இப்படிப் பேசிய மாமியாரை ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அந்த வாக்கியங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதை அவள் நந்தகோபாலிடம் சொல்லவில்லை.

"அந்தப் புள்ள காச்சலோட நின்னுட்டு ஒல வெக்குது. போய்ப் படு அம்மிணீன்னு சொல்ல மாமியாக்காரிக்கு வாய் வரமாட்டீங்குது. மனசில்லாம இல்ல."

மறுநாளே பிரிசில்லாவிடம் போனாள். பிரிசில்லா இயந்திரத்தின் விவரங்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, பேரவை எங்களுக்குக் குடுத்தது விளம்பரம் நீக்கிய பிரதி. விளம்பரம் கலை இல்லைன்னு அகரன் சார் அத்தனையும் வெட்டி எடுத்துட்டாரு. நாங்க ஓட்டினதுல விளம்பரமே இல்ல. அதனால விளம்பர நேரத்துல இருந்த ஞாபகம் ஒண்ணுகூட விழிக்கல. விழிக்காததை நாங்க தூங்க வைக்க முடியாது. சீரியல் போயிருச்சு, அதைப் பத்திப் பேசின பேச்சு மட்டும் நின்னுருச்சு."

"அப்ப அந்தப் பேச்செல்லாம் ஆரப் பத்தினது?"

"சீரியல்ல வர்றவங்களைப் பத்தினதுதான். நீங்களே அன்னைக்கு எங்கிட்டச் சொன்னீங்க, அதுவும் தொடரோட ஒட்டிக்கிட்டுப் போயிருச்சு. ஆனா யாரைப் பத்தின்னு இப்ப உங்களுக்குத் தெரியாது. அதனால உங்களையே சொன்ன மாதிரித் தோணுது. தப்பு எங்களோடதும்தான். பழைய விளம்பரம் தனியாக் கிடைக்கும். இன்னொரு தடவை உக்காருங்க, அதையும் எடுத்துர்றோம். நிம்மதியாப் போயிரும்."

ரேணுகா நாற்காலியைப் பார்த்தாள். உட்கார்ந்தால் விஷம் வைத்தவள் என்ற பேச்சு போகும், கருமாதிப் பேச்சு போகும். கூடவே அந்தக் காய்ச்சல் பேச்சும் போகும்.

முன்பென்றால் அதையும் சீரியல் பேச்சு என்றுதான் விட்டிருப்பாள், விட்டும் இருக்கிறாள். இப்போது அப்படி விட முடியவில்லை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவளுக்குச் சிக்குன்குனியா வந்தது உண்மை. மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்தது ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த வருஷம் ஊருக்கே சிக்குன்குனியா. சீரியல்காரர்கள் மட்டும் சும்மா விட்டிருப்பார்களா? கதாநாயகிக்கும் ஒரு காய்ச்சலைக் கொடுத்திருப்பார்கள். அவளைப் பற்றித்தான் நாச்சம்மாள் சொல்லியிருப்பாள். வேறு எதைப் பற்றி அவள் பேசினாள்?

"மொதல்ல சீரியல முழுசாப் பாத்துர்றேனுங்க" என்றாள் ரேணுகா. "எந்தப் பேச்சு ஆருக்குன்னு தெரியட்டும். எல்லாத்துக்கும் ஆள் இருந்துச்சுன்னா வந்து உக்கார்றேன்."

பேரவையில் 'அகிலாண்டம் இல்லம்' மறுபடி முதலிலிருந்து, நாளுக்கு ஐந்து எபிசோடாகத் தொடங்கியது. ரேணுகா முதல் நாளே அகரனைத் தனியாகப் பிடித்தாள்.

"ஏனுங் சார், இதுல ஆருக்காச்சும் காச்சல் வருதுங்களா?"

அகரன் காதைப் பொத்திக்கொண்டார். "அம்மா! நீங்களே கதையை முன்கூட்டிக் கேக்கலாமா? உங்க ரசனையை நாங்க பொத்திப் பொத்திக் காப்பாத்தறோம். இங்க யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க." அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஊருக்கெல்லாம் கதையைச் சொல்லித் தொலைத்தவளுக்கு இப்போது சொல்ல ஆளில்லை.

முதல் சில வாரங்கள் ரேணுகா அவமானத்தோடுதான் பார்த்தாள். இதற்காகவா மூளையைக் கழுவிக்கொண்டோம் என்று தோன்றியது. ஒருத்தி படியில் இறங்க ஒரு எபிசோடு ஆனது. பட்டுப்புடவையோடு தூங்கினார்கள், நகையோடு குளித்தார்கள். ஒரு செய்தியைக் கேட்டு வீட்டில் இருக்கும் பதினான்கு பேரும் தனித்தனியாக அதிர்ச்சி அடைந்தார்கள். பக்கத்தில் இருந்தவள் "ஐயோ" என்றாள். ரேணுகாவுக்குக் கொட்டாவி வந்தது.

பிறகு ஒருநாள் மூத்த மருமகள் சுகந்தி பாயசத்தில் எதையோ கலக்கிவிட்டு, கதவோரம் அப்பாவியாக வந்து நின்றாள். இடி இடித்தது. கேமரா மூன்று முறை பாய்ந்தது. ரேணுகா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். ஒண்ணுந் தெரியாத பாப்பா இவள்தான்! தான் இல்லை! வீடு முழுக்க விஷம் குடித்துக்கொண்டிருந்த கட்டத்தில் அவள் சிரித்ததை, 'தீமையின் அபத்தத்தைக் கண்ட சிரிப்பு' என்று அகரன் அடுத்த கூட்டத்தில் விளக்கிப் பேசினார்.

அதற்குப் பிறகு ரேணுகாவுக்கு சீரியல் சலிக்கவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் ஆள் வந்தார்கள். அடுத்தவள் புருஷனுக்கு வலை போட்டவள் நித்யா. கருமாதி முடிந்து முப்பதாம் நாள் வாசலில் வந்து நின்றவள் இரட்டைப் பிறவியில் ஒருத்தி. வீட்டுக்கு வந்ததும் நந்தகோபாலிடம், "உங்கம்மா என்னைச் சொல்லலைங்க, அந்த நித்யாவச் சொல்லியிருக்காங்க" என்பாள். அவரும் எதற்கும் இருக்கட்டும் என்று, "அதுதான் பார்த்தேன்" என்பார். மாமியார் மேல் இருந்த கோபம் நாளுக்கு நாள் வடிந்தது.

கோபம் வடிய வடிய பயம் ஏறியது. சீரியலில் ஆள் வராத பேச்சு இன்னும் ஒன்றுதான் பாக்கி, அந்தக் காய்ச்சல் பேச்சு. புதிதாக ஒரு மாமியார் கதைக்குள் வந்தால் ரேணுகா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது இருமினால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் எல்லாம் அடுத்து என்ன வரும் என்று காத்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் ஒன்று வந்துவிடக் கூடாதே என்று காத்திருந்தாள்.

மார்கழியில் அது வந்தது. சின்ன மருமகள் வெண்ணிலா நெற்றியில் கை வைத்தாள், தடுமாறினாள், விழுந்தாள். "காய்ச்சல் கொதிக்குதே!" என்று யாரோ அலறினார்கள். முகம் உறைந்தது. அன்றைய கடைசி எபிசோடு முடிந்துவிட்டது.

அன்று ராத்திரி ரேணுகா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அவளைத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"எவள?" என்றார் நந்தகோபால்.

"ஒண்ணுமில்லீங்க. சாப்புடுங்க."

மறுநாள் வெண்ணிலா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். முழு ஒப்பனை, காதில் ஜிமிக்கி. எதிரே மாமியார் அகிலாண்டம் நின்று பேச ஆரம்பித்தாள். நீ என் மருமகள் இல்லை மகள் என்றாள், குலவிளக்கு என்றாள், எமனே வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றாள். அந்த எபிசோடு முழுக்கப் பேசினாள், அடுத்ததிலும் பேசினாள். அகிலாண்டத்துக்கு வாய் வராத நாள் என்று ஒன்று அந்த சீரியலிலேயே கிடையாது. காய்ச்சல் தெளிந்து எழுந்த வெண்ணிலாவுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. அது வேறு கதை.

தை பிறந்து, பொங்கல் முடிந்து, கடைசி எபிசோடும் வந்தது. செத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்து, எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். பாட்டு ஓடியது, திரை இருண்டது. பேரவையே எழுந்து நின்றது. சிலர் அழுதார்கள்.

ரேணுகா எழுந்திருக்கவில்லை. அவள் இன்னொரு முறை மனதுக்குள் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயும் இல்லை.

அகரன் மைக்கோடு வந்தார். "ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி முதல் முறையாக! அம்மா, உங்க தூய பார்வையில இந்தப் படைப்பைப் பத்தி ஒரே ஒரு கருத்து."

ரேணுகா மைக்கைப் பார்த்தாள்.

"இதுல ஒருத்திகூடக் காச்சலோட நின்னு ஒல வெக்கலைங்க" என்றாள். "அடுப்புக்கிட்டப் போனதே விஷம் வெக்கத்தான். வாய் வராத மாமியான்னு ஒருத்திகூட இல்லைங்க. எல்லாருக்கும் வாய் வருது. நான் ஒண்ணு விடாமப் பாத்துட்டேன். ஒருத்திகூட இல்ல."

அதற்கு மேல் பேச முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. "உழைப்பின் இன்மை!" என்றார் அகரன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "பெண்ணின் உழைப்பைத் திரை மறைத்ததை எத்தனை கூர்மையாகச் சொல்லிட்டாங்க! நாங்க இத்தனை வருஷம் ஆராய்ச்சி பண்ணியும் இது எங்க கண்ணுல படல." பின் வரிசையில் இருவர் அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி எபிசோடு பார்க்க வந்திருந்த பிரிசில்லா ஒருத்திதான் கைதட்டவில்லை. அருகில் வந்து, "அம்மா, அந்த நாற்காலி..." என்று தொடங்கினாள். "வேண்டாமுங்க" என்றாள் ரேணுகா.

அவளை அழைத்துப்போக வந்திருந்த நந்தகோபால் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். வண்டி வரக் காத்திருக்கும்போது ரேணுகாவுக்கு அந்தக் காய்ச்சல் ராத்திரியின் மீதியும் ஞாபகம் வந்தது. நகைக்கடை விளம்பரம். நாச்சம்மாள் அந்தப் பேச்சைச் சொல்லி முடித்துவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ரேணுகாவும் டிவியைப் பார்த்தபடியே பதில் சொல்லியிருந்தாள்: "வாய் வராத மாமியா எல்லாம் இருந்து என்னத்துக்குங்க?" நாச்சம்மாள் கொஞ்சம் கழித்து எழுந்து போய், அடுப்பை அவளே சின்னதாக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சீரியலு முடிஞ்சதுக்கா இப்புடி அழுகற?" என்றார் நந்தகோபால்.

"உங்கம்மா எங்கிட்டப் பேசியிருக்காங்க."

"அம்மாவா? எப்ப?"

"விளம்பரம் ஓடறப்ப" என்றாள் ரேணுகா. "நாந்தான் சீரியலப் பாத்துட்டு இருந்திருக்கேன்."